கிட்னி கெட்டதற்கு ஒரு காகிதம்

என் கிட்னி கெட்டுப்போய்விட்டது என்று டாக்டரிடம் ஒரு காகிதம் எழுதி வாங்கத்தான் பாண்டிச்சேரிக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர் முத்தையன், அவரைப் பெற்ற காசியம்மா அத்தை, மூன்று பேர். எண்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி. காகிதம் கைக்கு வந்துவிட்டால் தை மாதம் என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் கல்யாணம். பெண்கூட முடிவாகியிருந்தது. அத்தையின் தம்பி மகள் மாரிக்கண்ணு. நல்ல உழைப்பாளி, ஒரு மூட்டை நெல்லைத் தனி ஆளாகத் தூக்குவாள் என்று அத்தை என்னிடமே சொல்லிப் பூரித்துப்போவார்.

என் வீட்டுக்காரர் சர்க்கார் கிளார்க். பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் அவருக்கு வேலை போய்விடும். ஆனால் பெண்டாட்டிக்குத் தீராத வியாதி என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டு, அவளும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆபீசில் ஒரு புத்திசாலி சொல்லியிருந்தார். அப்படி ஒரு வழி சட்டத்திலேயே கிடையாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். நான் எட்டாவது வரை படித்தவள். சம்மதம் என்று முத்து முத்தாக எழுதி, அல்லி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். மாட்டேன் என்று சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். இன்னும் ஒரு வருஷம் தாங்குவேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. என் மகள் ராசாத்திக்கு ஏழு வயது முடியப்போகிறது. அவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தால் பாதிப் பின்னலில் என் கை கீழே இறங்கிவிடும். மீதியை அவளே முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள். நான் போய்விட்டால் அவளுக்கு யாராவது சோறு போட வேண்டுமே, அது மாரிக்கண்ணுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அழுதேன். சாவதற்கு எனக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எல்லாம் ராசாத்தி பிறந்ததிலிருந்து வந்தது. அவள் பிறந்தது எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில். வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக் கூரை பாதி பறந்துவிட்டது. ரோட்டில் மரத்துக்கு மேல் மரமாகக் கிடந்தது. காரைக்கால் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், ஆனால் அன்றைக்கு அதுவும் சீமையும் ஒன்றுதான். மருத்துவச்சி ஒருத்தி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பிள்ளையை எடுத்தாள். பிள்ளை நல்லபடியாக வந்தது. அதன் பின்னாலேயே வந்த ரத்தம் நிற்கவில்லை. வீட்டில் இருந்த பழம்புடவை எல்லாம் நனைந்து, கோணிச் சாக்கும் நனைந்தது என்று சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் கண் விழித்தபோது அத்தை என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அது நிஜமான அழுகை. அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

பால் சுரக்கவில்லை. பட்டினச்சேரியிலிருந்து பால்சுறா வரவழைத்துப் புட்டு செய்து கொடுத்தார்கள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார்கள். ஒரு சொட்டு இல்லை. ராசாத்தி டின் பாலில் வளர்ந்தாள். சில பேருக்கு அப்படித்தான், ஜாதக விசேஷம் என்றார்கள்.

அதோடு மாதவிலக்கும் நின்றுபோனது. எங்கள் வீட்டில் மாதம் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கியாக வேண்டும். கொல்லையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு, தனித் தட்டு, தனிச் செம்பு, ஒரு கோரைப்பாய். அடுப்படிப் பக்கமும் சாமி மாடத்துப் பக்கமும் தலை வைக்கக் கூடாது. பிள்ளை பெற்று ஒரு வருஷம் ஆயிற்று, ஒன்றரை வருஷம் ஆயிற்று, எனக்கு ஒன்றும் காணோம். மறுபடி உண்டாகிவிட்டேனோ என்று பார்த்தோம், அதுவும் இல்லை. ஆயுசுக்கு உள்ளதெல்லாம் அந்தப் புயலிலேயே கொட்டித் தீர்ந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அத்தை அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. மாதம் மூன்று நாள் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்த அடுப்படி வேலை நின்றுபோனது. அம்மன் கொடுத்த வரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வரம் மெல்லத் தெருவுக்கும் தெரிந்தது. அப்புறம் எனக்கு ஏற்பட்ட மரியாதையைச் சொல்லி மாளாது. வளைகாப்பில் முதல் வளையல் போட அல்லி. கல்யாணத்தில் பந்தக்காலுக்கு மஞ்சள் குங்குமம் வைக்க அல்லி. அம்மன் கோயில் பொங்கலுக்குப் பானை ஏற்ற அல்லி. மற்றவர்களை அழைப்பதானால் தேதி கேட்டு, ஜாடையாக விசாரித்து, கடைசி நேரத்தில் ஆள் மாற்றி, எவ்வளவு தொல்லை. என்னை எந்த நாளிலும் கூப்பிடலாம். எங்கள் தெருவில் எப்போதும் சுத்தமாக இருந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். நடக்க முடியவில்லை என்றால் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போனார்கள்.

நடக்கத்தான் முடியவில்லை. உடம்பு கல்லாய்க் கனத்தது. சித்திரை வெயிலில் எல்லாரும் விசிறிக்கொண்டிருக்க, நான் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பேன். முகம் ஊதிப்போய், புருவம் உதிர்ந்து, குரல் கட்டையாகிவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு இரண்டு முறை விழுந்தேன். பிள்ளை பெற்ற சாக்கில் உட்கார்ந்து தின்னப் பழகிவிட்டாள் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். குத்துவிளக்கு ஏற்ற நான் ராசிக்காரி, குடம் தூக்க நான் சோம்பேறி. இரண்டும் ஒரே வாயால், ஒரே நாளில் வரும்.

என் வியாதிக்குப் பெயர் வைத்தது சொல்தா ஆல்போன்ஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இவர் எங்கள் தெருமுனையில் மாடி வீடு கட்டிக்கொண்டு வந்தவர், பிரான்சுக் குடியுரிமைக்காரர். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சைகோனில் பார்த்த ஒரு காய்ச்சல் அவரிடம் இருக்கும். எண்பத்தொன்றில் ஒரு நாள் காலையில் என் முகத்தைப் பார்த்தார். முகம் வீங்கினால் கிட்னிதான், எங்கள் பட்டாளத்துக் கேப்டன், அந்தக் கப்பித்தேனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, ஆறே மாதம் என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

காரைக்காலில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் மூத்திரம் சோதித்து, ஒன்றும் தெரியவில்லை என்று டானிக் எழுதினார். சின்ன டாக்டருக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஆல்போன்ஸ் சிரித்தார். வைத்தியத்தை அவரே சொன்னார். உப்பை அடியோடு நிறுத்த வேண்டும். கிட்னியைக் கழுவ வேண்டும். காலையில் வாழைத்தண்டுச் சாறு, பத்து மணிக்குப் பார்லித் தண்ணீர், மதியம் சுரைக்காய்ச் சாறு, சாயங்காலம் ஒரு கிளாஸ் பீர். பிரான்சில் டாக்டர்களே பீர் எழுதிக் கொடுப்பார்களாம்.

காரைக்காலில் பீருக்கா பஞ்சம்? சுற்றுவட்டாரமே அதற்காகத்தான் எங்கள் எல்லைக்குள் பஸ் ஏறி வருகிறது. பாக்கு கடிக்கவே யோசிக்கிற என் வீட்டுக்காரர், ஆபீஸ் விட்டு வரும்போது மஞ்சள் பையில் பாட்டில் வாங்கி வரத் தொடங்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு கிளாஸ் குடிப்பேன். திறந்த பாட்டிலை வைத்தால் கெட்டுப்போகும் என்று மீதியை ஆல்போன்ஸ் எடுத்துப்போவார். மூன்று வருஷம் ஒரு நாள் தவறாமல் எடுத்துப்போனார். என் கிட்னி சுத்தமானதோ இல்லையோ, அவருடைய கிட்னி பளபளவென்று ஆகியிருக்கும். பெண்டாட்டி சீக்காளி ஆனதும் முத்தையன் குடியில் இறங்கிவிட்டான் என்று ஊர் பேசியது. பெரியவர்கள் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள். மனிதர் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டு மறுநாளும் பாட்டில் வாங்கி வந்தார். என் மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? பிரியமாகத்தான் என்னைக் கொன்றுகொண்டிருந்தார்.

உப்பில்லாச் சோறு தின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். என் உடம்பு உப்புக்காக அலைந்தது. ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டு நக்கினேன், அத்தை பார்த்துவிட்டார். அதிலிருந்து ஜாடி அலமாரிக்குள், சாவி அவர் இடுப்பில். வீட்டுக்கும் விசேஷத்துக்கும் உப்புப் பார்த்துப் போட்டுச் சமைக்கிறவள் நான்தான், என் தட்டுக்கு மட்டும் அது ஆகாது. எண்பத்து நாலு ஆடிக்கு மேல் எழுந்து உட்கார்ந்தாலே கண் இருட்டியது. சாப்பிட்டது நிற்கவில்லை. ஆல்போன்ஸ் வந்து பார்த்து, கழுவினது போதவில்லை, இன்னும் இரண்டு கிளாஸ் கூட்டுங்கள் என்றார். வெளியே போய் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகப் பேசினார். அதற்கு அப்புறம்தான் மாரிக்கண்ணு பேச்சு வந்தது, காகிதப் பேச்சும் வந்தது.

பஸ்ஸில் சீர்காழி வருவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தூக்கித்தான் இறக்கினார்கள். பெண் டாக்டர் ஒருவர், முப்பது வயதுகூட இருக்காது, என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் இரண்டாம் தடவை பார்த்தார். வேறு மெஷின் கொண்டுவரச் சொல்லி மூன்றாம் தடவையும் பார்த்தார். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் காகித விஷயத்தை எடுத்தார். கிட்னி கெட்டுவிட்டது என்று ஒரு வரி போதும் என்றார். சோதித்துப் பார்த்து, கெட்டிருந்தால் கெட்டது என்று எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர்.

என்னைப் படுக்கையில் சேர்த்துக் குளுக்கோஸோடு உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு நாள் முழுக்கப் போன மூத்திரத்தைக் கேனில் பிடித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். அத்தை அந்தக் கேனைக் காவல் காத்துக்கொண்டே, ஆல்போன்ஸ் சொன்ன வைத்தியத்தை ஒன்றுவிடாமல் டாக்டரிடம் ஒப்பித்தார். மூன்றாம் நாள் டாக்டர் என் கட்டிலுக்கு வந்து நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கிட்னியும் முதல் தரமாக இருக்கிறது என்றார்.

அத்தை நம்பவில்லை. "நல்லாப் பாத்தீங்களாம்மா? மூணு வருஷமா பாக்குறோம்ங்க நாங்க."

டாக்டர் என் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். ரத்தம் எவ்வளவு போனது என்று கேட்டார். பழம்புடவைகளை, கோணியை அத்தை சொன்னார். பால் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, கடைசியாகத் தீட்டு வந்தது எப்போது என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். மூன்று நாளாக என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இது கிடைத்தது.

"அதுல எங்க மருமவளக் குத்தம் சொல்ல முடியாதுங்க. புள்ள பொறந்து ஏழு வருசம் ஆவப்போவுது, ஒரு நாளு அவ ஒதுங்குனதில்ல. எங்க வூட்டு வெளக்கு தெனம் அவ கையாலதான் எரியுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏழு வருஷமா நின்னு போயிருக்கு. யார்கிட்டயும் சொல்லணும்னு தோணலியா?"

"நல்ல விசயத்த யாருங்க வியாதின்னு சொல்லுவா?" என்றார் அத்தை.

அந்த டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். பிரசவத்தில் ரத்தம் அப்படிக் கொட்டியபோது அந்தக் கொண்டைக்கடலைக்கு ரத்தம் கிடைக்காமல் கருகிவிட்டது. பால் சுரக்க உத்தரவு போடுவதும் அதுதான், மாதவிலக்குக்கும், உடம்புச் சூட்டுக்கும், எழுந்து நடக்கிற தெம்புக்கும் உத்தரவு போடுவதும் அதுதான். உத்தரவு நின்றதால் ஒவ்வொன்றாக எல்லாம் நின்றுகொண்டு வந்திருக்கிறது. முகம் ஊதியதும் அதனால்தான். இந்த உடம்பு உப்பைப் பிடித்து வைக்க முடியாத உடம்பு. அதற்கு உப்பையும் நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீரும் பீரும் ஊற்றியிருக்கிறீர்கள். இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் வலிப்பு வந்து போய்ச் சேர்ந்திருப்பார் என்றார். பீர் என்ற வார்த்தை வந்ததும் என் வீட்டுக்காரர் பதறிப்போய், நான் ஒரு சொட்டும் குடிப்பதில்லை டாக்டர் என்றார். பாவம், மூன்று வருஷமாக யாரிடமாவது அதைச் சொல்லத் துடித்திருப்பார்.

கேட்ட காகிதத்தையும் டாக்டர் மறக்காமல் எழுதித் தந்தார். இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கின்றன, மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல முழு ஆயுசு இருப்பார் என்று முத்திரையோடு இருந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு தரம் படித்தார். அப்புறம் என் சம்மதக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்தார். கிழிப்பதற்கு முன்னால் அம்மா பார்க்கிறாரா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்த இரண்டாம் நாள் எனக்குப் பசித்தது. நாலாம் நாள் கம்பளியை உதறினேன். ஒரு வாரத்தில் வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அதற்கு அப்புறம் திரும்பி வந்தது கோபம். எனக்குக் கோபம் என்று ஒன்று இருந்ததே ஏழு வருஷமாக மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பி ராசாத்திக்கு இரட்டைப் பின்னல் போட்டேன். முழுசாக, ரிப்பன் வைத்து, முடிச்சு வரைக்கும். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை வேறு. மாரிக்கண்ணுவின் அப்பா, முழு ஆயுசு உள்ள மூத்தாளுக்குக் கீழே தன் பெண் எதற்கு என்று வரகூருக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். பீர் நின்றதில் ஆல்போன்ஸுக்கு மனத்தாங்கல். அந்த டாக்டர் பெண்ணுக்குப் பிரெஞ்சு வைத்தியம் தெரியாது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி பிள்ளை பிறப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஐந்தாறு மாதம் கழித்துப் போனபோது இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். சுரப்பி போடாத உத்தரவை இது போடும், எலும்புக்கும் நல்லது, மாதா மாதம் தீட்டு வரும், பயப்படாதே என்றார். வந்தது. சரியாக அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. பானை ஏற்ற என்னைக் கூப்பிட வந்தவர்கள் விஷயம் தெரிந்து வாயில் கை வைத்து நின்றார்கள். அத்தை சாய்ப்பைக் கூட்டிவிட்டுக் கோரைப்பாயைத் தட்டிப் போட்டார். எட்டு வருஷத்தில் முதல் தரமாக நான் அங்கே காலை நீட்டி உட்கார்ந்தேன். அடுப்படியில் அத்தை பாத்திரத்தை வைக்கிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது.

மதியம் கையில் கரண்டியோடு அவரே வந்தார். வேர்த்து ஊற்றியிருந்தது. அவருக்கும் அறுபது வயதாகிறது. என் பக்கத்தில் இருந்த மாத்திரை டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மத்ததெல்லாம் முழுங்கு, நான் வேணாங்கல. இந்த ஒண்ண மட்டும் நிறுத்திடலாமான்னு அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டுப் பாரேன் அல்லி. இது இல்லாமயே நீ நல்லாத்தானடி இருந்தே?"

"நான் செத்துக்கிட்டு இருந்தேன் அத்தை."

"அது எங்களுக்கு என்னா தெரியும்? வெளக்கு தெனம் எரிஞ்சிச்சு."

அவர் கபடமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்த ஏழு வருஷமும் இந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. நான் உயிரோடு திரும்பி வந்ததுதான் தீட்டு.

டப்பாவைத் திறந்து அந்த மாத்திரையை எடுத்து அவர் பார்க்கவே விழுங்கினேன். செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டை முன்னால் தள்ளி வைத்தேன்.

"பசிக்குது அத்தை. சோறு கொண்டாங்க."

அத்தை ஏதோ முணுமுணுத்தார். ஆனால் போனார். வேறு யார் போவது, மூன்று நாளைக்கு நான் அடுப்படிக்குள் நுழையக் கூடாதே.